ஏழாவது புத்தகத்துக்கான அனுமதி

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. என் மைத்துனன் ஒரு துணிப்பை நிறைய நார்வே, ஸ்வீடன் பக்கத்து நார்டிக் குற்றப் புதினங்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். என் மனைவி கதவைத் திறந்து அவனை மட்டும் உள்ளே விட்டாள். பையை வெளியிலேயே வைக்கச் சொன்னாள்.

பாடநூல் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். முந்தைய வாரம் குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, மருத்துவமனைக்குப் போய், இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியிருந்தேன். ஆறு வாரம் ஓய்வு. இதய மருத்துவர் கொடுத்தனுப்பிய தாளில், மாத்திரைகளுக்கும் உப்புக்கும் கீழே, 'பரபரப்பைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி இருந்தது. எத்தகைய பரபரப்பு, எந்த அளவுக்கு மேல் என்றெல்லாம் அந்த வரி விளக்கவில்லை. எழுதிய வேகத்தைப் பார்த்தால் மருத்துவரும் அதைப் பற்றி அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது என் மனைவியின் கண்ணில் பட்டுவிட்டது.

அவள் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஒருவர் ஏணியில் நாலு படி ஏற வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு சட்டைப்பையில் இருந்தாக வேண்டும். விதி என்று ஒன்று எழுத்தில் இருந்துவிட்டால் அதன் நோக்கம் என்ன என்று அவள் கேட்க மாட்டாள். அதை எங்கே மாட்டுவது என்றுதான் கேட்பாள். அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாட்டப்பட்டது.

பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் மைத்துனன் எனக்காக வாதாடினான். இந்த வகைக் கதைகளில் யாரும் ஓடுவதில்லை. துப்பறிபவர் விவாகரத்து ஆனவர். மகள் தொலைபேசியை எடுப்பதில்லை. அவர் காபி குடிக்கிறார், ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார், பனி பெய்கிறது.

"அக்கா, முதல் நூறு பக்கத்துல ஒருத்தன் கார் கண்ணாடியில பனியச் சுரண்டறான். அவ்வளவுதான். தூக்க மாத்திரைக்குப் பதிலா இதக் குடுக்கலாம்."

அவள் பையை உள்ளே எடுத்துவந்து, அதிலிருந்த ஏழு புத்தகங்களையும் மேசையில் பரப்பினாள். ஏழு அட்டைகளிலும் பனி இருந்தது. ஐந்தில் பனியின் மேல் சிவப்பாக ஏதோ இருந்தது. எதை நான் படிக்கலாம் என்பதைத் தான் முதலில் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக அறிவித்து, புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. முப்பது ஆண்டுகளாக ஊரார் படிக்க வேண்டியதை முதலில் படித்துத் திருத்தி அனுப்புவதே என் வேலை.

விடுப்பில் இருந்ததால் அவளுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. கையில் பென்சிலும் ஒட்டுச்சீட்டுகளுமாகக் கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் உள்ளறையில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். முதல் புத்தகத்தில் நான்காம் பக்கத்திலேயே குழந்தை காணாமல் போவதால் தள்ளுபடி. இரண்டாவதில் உறைந்த ஏரியில் ஓட்டை, தள்ளுபடி. மூன்றாவதில் நாய் செத்துப்போகிறது. நான்காவதில் துப்பறிபவருக்கே இதயக் கோளாறு. ஆனால் மாத்திரை போடுவதில்லை. அந்த மனிதர்மேல் அவளுக்கு வந்த கோபம், தலைக்கவசம் போடாத தொழிலாளி மேல் வரும் கோபம்தான். அன்று இரவு எனக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, நான் விழுங்கும்வரை அங்கேயே நின்றாள்.

ஐந்தாவது, கலங்கரை விளக்கக் கதை, தேறியது.

அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக, நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று காது கொடுக்காமல் இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அடுத்த துடிப்பு வருமா என்பதைவிட, படகை அவிழ்த்துவிட்டது யார் என்பது பெரிய கேள்வியாக இருக்கும் ஒரு மத்தியானம். நூறு பக்கம்வரை அது கிடைத்தது. அவள் சர்க்கரை இல்லாத காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் படகு ரிப்பேர் பண்றவன்தான் கொலைகாரன். பதறாமப் படிங்க."

நான் புத்தகத்தை மூடினேன். ஏன் சொன்னாய் என்று கேட்டேன். ஓர் அபாயத்தைக் குறைப்பதைவிட அதை இல்லாமல் ஆக்குவதே மேலான முறை என்றும், கொலைகாரன் யார் என்று முன்பே தெரிந்துவிட்டால் அதிர்ச்சிக்கு இடமில்லை என்றும், தொழிற்சாலையில் இதைத்தான் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் கற்றுக்கொடுப்பதாகவும் அவள் பொறுமையாக விளக்கினாள். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். காலையில் நூற்று இருபத்தாறாக இருந்தது நூற்று ஐம்பத்தெட்டாக ஆகியிருந்தது.

"பாத்தீங்களா? கொலைகாரன் பேரச் சொன்ன பிறகும் இவ்வளவு ஏறுதுன்னா, சொல்லாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

புத்தகம் பீரோவுக்குத் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்ததும் அவனிடம் முறையிட்டேன். "மாமா, கதையில வர கொலைகாரனுங்கள்லாம் பாவம். நீங்க பயப்பட வேண்டிய ஆள் இங்க காபி போடறாங்க" என்றான். அவள் சமையலறையிலிருந்து, அவனுக்குக் காபி கிடையாது என்றாள்.

இன்னும் இரண்டு புத்தகங்கள்தாம் மீதி. ஆறாவதை அவள் முடித்திருந்தாள், ஏழாவதைத் தொடவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மைத்துனன் சாட்சியாக இருக்க, ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவரச் சொல்லி, ஆறாவது புத்தகத்தைப் பலி கொடுத்தேன். அரை மணி நேரம் அதைப் படித்தேன். முப்பதாம் பக்கத்திலேயே பிணம் வந்துவிட்டது. பார்த்தால் நூற்று இருபத்து நான்கு. இப்போது முடிவைச் சொல் என்றேன்.

"தொலைஞ்சுபோன அண்ணன் தொலையவே இல்ல. அவன்தான் அந்தப் பாதிரியார்."

அழகான முடிவு. நானூறு பக்கம் காத்திருந்து அடைந்திருக்க வேண்டியது. கருவி உறுமிக்கொண்டு ஏறி நூற்று ஐம்பத்தொன்றில் நின்றது. மைத்துனன் அதை அக்காவின் பக்கம் திருப்பிவைத்தான். அவள் திரையிலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தொழிற்சாலையில் தான் மாட்டிய எச்சரிக்கைப் பலகையே ஒருவன் தலையில் விழுந்ததைப் பார்ப்பவள்போல.

"பொணத்தால ஏறல. என்னாலதான் ஏறுது" என்றாள்.

அவள் பட்டையை அவிழ்த்துச் சுருட்டினாள். சுருட்டியதை மறுபடி பிரித்தாள்.

"ஆம்புலன்ஸ்ல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பொழைப்பாரான்னு கேட்டேன். போய்ப் பாத்தாத்தான் தெரியும்னு சொன்னான் அந்த ஆளு. முடிவு தெரியாம உக்காந்திருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். அத உங்களுக்கு விளையாட்டுக்குக்கூடக் குடுக்க எனக்கு மனசு வரல."

மைத்துனன் எழுந்துபோய்த் தானே காபி கலக்கத் தொடங்கினான். ஆம்புலன்ஸில் எனக்கு நினைவு இருக்கவில்லை; அவளுக்கு இருந்தது. அதுவரை அந்தப் பயணத்தை என்னுடையதாகவே எண்ணியிருந்தேன்.

"எனக்கு என்ன ஆகும்னு எப்பவும் அந்த நெனப்புதான்," என்றேன். "இதப் படிக்கறப்ப மட்டும்தான் வேற ஒருத்தனுக்கு என்ன ஆகும்னு நெனைக்கறேன்."

அவள் பீரோவைத் திறந்து ஏழாவது புத்தகத்தை எடுத்தாள். கைப்பையிலிருந்து தொழிற்சாலையின் அனுமதிச் சீட்டுக் கட்டையும் எடுத்தாள். வேலை: படித்தல். இடம்: ஜன்னலோர நாற்காலி. துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாகவும், வாயைத் திறக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். அடுத்த கட்டம் அபாயம். அங்கே பேனா நின்றது. பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கக் கை போனது, பார்க்கவில்லை.

'தெரியாது' என்று எழுதினாள். வேறு யாராவது அப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பாள். கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு, சீட்டைப் புத்தகத்தின் மேல் வைத்து என்னிடம் நீட்டினாள்.