ஜியாவுல்லா அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து

வெப் ஹோஸ்டிங் தொழிலில் இரண்டு வேலை உண்டு. ஒன்று கம்ப்யூட்டரில் செய்வது. அதை என் மகள் கிறிஸ்டினா பார்த்துக்கொண்டாள். இன்னொன்று கஸ்டமரிடம் திட்டு வாங்குவது. அதற்கு நான் இருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். திட்டு வாங்க அந்தப் படிப்பு தாராளம்.

தோல் பதனிடும் ஷாப்போ ஷூ கம்பெனியோ, யார் வெப்சைட் வைத்தாலும் அதைப் போட்டு வைக்க ஓர் இடம் வேண்டும். கம்பெனி பெயரில் மெயில் வந்து விழ ஒரு பெட்டி வேண்டும். நாங்கள் அமெரிக்காவில் ஒரு கம்பெனியிடம் மொத்தமாக இடம் பிடித்து, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு கம்பெனிகளுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுத்தோம். ஒழுங்காக ஓடினால் ஒருவனும் நம்மை நினைக்கமாட்டான். டெலிபோன் லைன் அறுந்தாலும், அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும், "இருதயராஜ், உன் சர்வர் சரியில்ல" என்று ஆள் அனுப்புவான். இதற்கு நடுவில் சென்னையிலிருந்து ஒருத்தன் வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அன்லிமிடெட் என்று பஜார் முழுக்க நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். பாதி வாழ்க்கை தோல் ஷாப்பில் கழித்தவன் நான். தோல் ஊறப்போட அளவில்லாத தொட்டி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஊர் அவனைத்தான் நம்பியது.

நான் சொல்ல வந்தது 2003 பிறந்த வாரம் நடந்தது.

கடை திறக்கும்போதே தனகோடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சான்றோர்குப்பத்தில் ஷெட் போட்டு, இருபது பெண்களை வைத்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் தோலை வாங்கி, தைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். கொடுத்தால் வேலை, கொடுக்காவிட்டால் இருபது பேரும் சும்மா உட்கார வேண்டியதுதான். இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று, ஒரு ஏஜென்ட் மூலமாக இத்தாலிக்காரர் ஒருவருக்கு நேராகவே சாம்பிள் அனுப்பியிருந்தாள். அவருக்குத் தையல் பிடித்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் சென்னைக்கு வருகிறேன், எந்தக் கிழமை ஆம்பூர் வந்து ஷெட்டைப் பார்ப்பேன் என்று மெயில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. எங்கள் கடையில்தான் மெயில் பார்ப்பாள்.

"வந்துச்சா கண்ணு?" என்று கிறிஸ்டினாவிடம் கேட்டாள்.

கிறிஸ்டினா தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ப்பா, மூடிட்டாங்க."

"இன்னாத்த மூடிட்டாங்க?"

"எல்லாத்தையும். தனகோடி அக்காவுது மட்டும் இல்ல. நம்ம கஸ்டமர் ஒருத்தர் சைட்டும் தெறக்கல, ஒருத்தர் மெயிலும் வரல. அமெரிக்காக்காரன் நம்ம அக்கவுண்டையே பூட்டிட்டான்."

காரணம் எழுதியிருந்தான். எங்கள் இடத்திலிருந்து யாரோ முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு மெயில் அனுப்பிவிட்டார்களாம். அது குப்பை மெயிலாம். உலகம் முழுக்கப் புகாராம். யார் அந்த யாரோ என்று பார்த்தால் ஜியாவுல்லா.

ஜியாவுல்லா ஷூ கம்பெனி முதலாளி. எங்கள் முதல் கஸ்டமர். எங்கள் கடை இருந்த கட்டடமும் அவருடையதுதான். தனகோடி தைத்துக் கொடுப்பதும் அவர் கம்பெனிக்குத்தான். புத்தாண்டுக்கு அவர் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காலண்டர் அனுப்புவது வழக்கம். அந்த வருஷம் காலண்டர் வேண்டாம், மெயில் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். சென்னைத் தோல் கண்காட்சியில் தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொடுப்பார்கள். தோல் வாங்குகிறவன், மிஷின் விற்கிறவன், கெமிக்கல் விற்கிறவன் எல்லார் முகவரியும் அதில் இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆபீஸ் ஆட்களை விட்டு டைப் செய்து, கம்பெனி முகப்புப் படத்தோடு வாழ்த்து அனுப்பிவிட்டார்.

அமெரிக்காக்காரனுக்கு எழுதினால் டேவிட் என்று ஒருத்தன் பதில் போடுவான். அவன் மனுஷன்தானா என்பதே எனக்குச் சந்தேகம். எது கேட்டாலும் முதல் நாலு வரி ஒன்றாகவே இருக்கும். ஒருதரம், உங்கள் ஊரில் இன்றைக்கு மழையா என்று கேட்கச் சொன்னேன். உங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள் என்று பதில் வந்தது.

அன்றைக்கு மட்டும் டேவிட் தெளிவாக எழுதினான். அந்த ஒரு சைட்டை எடுத்துவிடுங்கள், மற்றதைத் திறந்துவிடுகிறோம். எடுக்காவிட்டால் மொத்தமும் மூடியே இருக்கும்.

"நான் வேற மெயில்ல இருந்து எழுத முடியாதா கண்ணு?" என்றாள் தனகோடி.

கிறிஸ்டினா ஓசி மெயில் ஒன்றிலிருந்து இத்தாலிக்காரருக்கு எழுதினாள். பதில் இல்லை. அவருடைய ஊர் ஆபீசுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டாள். பண்டிகை லீவாம், மிஷின் ஏதோ பாஷையில் பேசிவிட்டு வைத்துவிட்டது. ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

"அவுரு எனுக்கு மெயில் போட்டு, அது திரும்பிப் போச்சுன்னா?" என்றாள் தனகோடி.

"போலி கம்பெனின்னு நெனைப்பாரு" என்றேன். பொய் சொல்லி அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஜியாவுல்லா ஆபீசுக்கு வரும்வரை காத்திருந்து உள்ளே போனேன்.

"இன்னா இருதயராஜ், வாழ்த்து வந்துச்சா? உனுக்கும் அனுப்பச் சொன்னேனே."

"வந்துச்சு பாய். அதாலதான் எங்க கடையே மூடிக்கிச்சு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நம்ம வூட்ல நிக்காஹ்னா மொஹல்லா முழுக்க சொல்றோம். ஒரு வூட்ட வுட்டா ஜென்மத்துக்கும் மூஞ்சியத் திருப்பிக்குவான். அந்தப் புக்குல பேர் போட்டு வச்சிருக்கானுங்க. ஒருத்தனுக்கு அனுப்பி ஒருத்தன வுட்டா நல்லாவா இருக்கும்?"

"நம்ம ஊர்ல வுட்டாதான் கோவம் பாய். அவனுங்களுக்கு அனுப்பினா கோவம். தெரியாத ஆளு கிட்ட இருந்து வந்தா குப்பையாம்."

"வாழ்த்து குப்பையா? எவன் சொன்னான்?"

"டேவிட்னு ஒருத்தன்."

"டேவிட்டா? உங்க ஆளுதானே, நீயே பேசிக்கக் கூடாதா?"

"எங்க ஆளுன்னா கோயில்ல பாத்துப் பேசிடுவேன் பாய். இவன் டெக்சாஸ்ல இருக்கான்."

அவர் டீ சொன்னார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று, "எல்லா தோல் ஷாப்புக் கழிவுத் தண்ணியும் சுத்தம் பண்ற ஒரே பிளான்ட்டுக்குத்தான போவுது? ஒருத்தர் வுடக் கூடாதத வுட்டு, பிளான்ட்டுக்குப் பூட்டு போட்டா, அத்தினி ஷாப்புக்கும் பூட்டுதான். எங்க சர்வரும் அப்படித்தான் பாய்" என்றேன்.

"அப்ப என் தண்ணி மட்டும் நாறுதுன்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டியே."

கொஞ்ச நாளைக்கு அவர் சைட்டை எடுத்து வைத்துவிட்டு, வேறு கம்பெனியில் இடம் பிடித்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்காட்சி வர்ற மாசத்துல என் சைட்ட எடுப்ப. ஏன், மத்தவன எல்லாம் வேற எடம் பாத்துக்கச் சொல்லேன். எவனுக்கு இப்ப அவ்ளோ அவசரம்? யாரு உன்ன அனுப்பினது?"

தனகோடி பெயர் என் வாய்வரை வந்தது. அவள் அவரைத் தாண்டி நேராக வியாபாரம் பிடிக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தால், அடுத்த நாளே அவள் ஷெட்டுக்குத் தோல் வராது.

"எல்லாருக்கும்தான் பாய் அவசரம்."

"என் கட்டடத்துல ஒக்காந்துனு என்னையே எடுப்பியா? எடுத்துப் பாரு. பேஜார் பண்ணாத, போ."

திரும்பி வந்தேன். அதற்குள் கடையில் வாணியம்பாடியிலிருந்து ஒருவர், பேரணாம்பட்டிலிருந்து ஒருவர், ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய மச்சானுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம். நாங்கள் வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறோம் என்று அவன் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். தனகோடி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடப் போகவில்லை.

"இன்னா சொன்னாரு?" என்றாள் கிறிஸ்டினா.

"முடியாதுன்னுட்டாரு. எடுத்துடு."

"ப்பா, கட்டடம் அவுருது."

"தெரியும். எடு."

நான் இரக்கப்பட்டுச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். தனகோடியிடம் மெயில் பெட்டியை விற்றவன் நான். ஓசி மெயிலை வெளிநாட்டுக்காரன் மதிக்கமாட்டான், சொந்தக் கம்பெனி பெயரில் பெட்டி வைத்தால்தான் உன்னைத் தேடி வருவான் என்று அவள் ஷெட்டில் நின்று நானே சொன்னேன். தேடி வருகிறவன் எங்கள் கதவில் முட்டிக்கொண்டு திரும்பிப் போனால், அப்புறம் நான் விற்றது என்ன?

கிறிஸ்டினா ஜியாவுல்லா சைட்டை எடுத்தாள். மெயிலும் அதோடு போனது. டேவிட்டுக்கு எழுதினாள். எல்லாம் திறந்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று டேவிட் கேட்டிருந்தான். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியேறிப் போனார்கள்.

தனகோடியின் பெட்டி காலியாக இருந்தது. மூடியிருந்த நேரத்தில் வந்ததெல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டதாம். கிறிஸ்டினா அவள் கம்பெனி முகவரியிலிருந்தே இத்தாலிக்காரருக்கு விளக்கி எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. கிறிஸ்டினா வாய்விட்டுப் படித்து, தமிழில் சொன்னாள். "சென்னைலதான் இருக்காராம். ரெண்டு தரம் மெயில் போட்டு ரெண்டும் திரும்பிடுச்சாம். உங்க தையல்தான் வேணுமாம் அக்கா. புதன்கிழமை ஊருக்குப் போறாராம். அதுக்குள்ள எந்தக் கிழமை வரலாம்னு கேக்கறாரு." அதோடு நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அக்கா கிட்ட எக்ஸ்போர்ட் லைசென்ஸ் இல்லைல்ல. அதனால பில்லு, ஷிப்பிங்கு எல்லாம் ஆம்பூர்ல வேற கம்பெனி பேர்ல போடணுமாம். ஏஜென்ட் ஒரு கம்பெனி பேர் சொன்னாராம். அவங்களுக்கும் மெயில் போட்டாராம். அதுவும் திரும்பிடுச்சாம். நீங்களே நேர்ல பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்கன்றாரு."

"எந்தக் கம்பெனி?"

"ஜியாவுல்லா பாய் கம்பெனிதான்."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. யாருக்குத் தெரியக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தேனோ, அவர் கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் அவர் மெயிலை நானே பிடுங்கிவிட்ட பிறகு.

தனகோடி சிரித்துவிட்டாள். "இத பேப்பர்ல போட்டுக் குடு கண்ணு."

"அவுரு கோவத்துல இருக்காரும்மா. நான் போனாலே அடிச்சித் தொரத்துவாரு."

"உங்கள தொரத்துவாரு. என்ன தொரத்த முடியாது. வெள்ளக்காரன் இன்னா சொன்னான்னு இப்ப அவுருக்கு யாரு சொல்றது, என்ன வுட்டா?"

பேப்பரை மடித்துக்கொண்டு போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒத்துக்கிட்டாரு ஐயா. மொதல்ல கத்தினாரு. என் தோல தச்சிக்கினே என் முதுகுக்குப் பின்னால போனியான்னாரு. அப்புறம் சாம்பிள பாத்தாரு. பில்லு அவுரு பேர்ல, தையல் மொத்தமும் என் ஷெட்ல. வேற எங்கயும் பிரிச்சிக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"அப்ப உள்ள வாயேன்."

வரவில்லை.

"ஒண்ணு கேட்டாரு. நீங்க இந்தக் கட்டடத்த வுட்டுப் போவணுமாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள. போன் லைனும் அவுரு பேர்லதான் இருக்காம், அதையும் எடுத்துடுவாராம். அந்தக் கெழவனுக்குச் சாதகமா நீ பேசக் கூடாது, அதுக்கு ஒத்துக்கினா கையெழுத்து போடறேன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன்."

கிறிஸ்டினா எழுந்துவிட்டாள். "உங்களுக்காகத்தானக்கா அவர எடுத்தோம்! உங்க பேரக் கூட எங்கப்பா சொல்லல."

"தெரியும் கண்ணு. ஷெட்ல இருபது பொம்பளைங்க என் மூஞ்சியப் பாத்துனு இருக்காங்க. நான் இன்னா சொல்லட்டும், சொல்லு."

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. மனுஷர்களை நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் இடத்தில் நான் நின்றிருந்தால், சரி என்று சொல்ல இவ்வளவு நேரம் கூட எடுத்திருக்கமாட்டேன். அதைச் சொல்லி அவளைத் தேற்றவும் எனக்கு மனம் வரவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து வயர்களைப் பார்த்தேன். எது எதற்குப் போகிறது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

தனகோடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மானிட்டரைத் தூக்கப் போனாள்.

"அத வைம்மா" என்றேன்.

"கனம் ஜாஸ்தி ஐயா, நீங்க தூக்க முடியாது."

"வைன்றேன்ல. லைன எடுத்துட்டானுங்கன்னா புது எடத்துல லைன் வாங்கறதுக்கு எத்தினி நாள் நாயா அலையணுமோ. உன் வெள்ளக்காரன் புதன்கிழமை போயிடுவான். எந்தக் கிழமை வரணும்னு மொதல்ல அவனுக்குப் பதில் போடு."

அவள் மானிட்டரை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிறிஸ்டினா என்னை முறைத்துவிட்டுக் கீபோர்டை இழுத்தாள்.

"எந்தக் கிழமை போடட்டும்?" என்றாள், தனகோடியைப் பார்க்காமலே.

"திங்கக்கிழமை" என்றாள் தனகோடி. "காலைலயே வரச் சொல்லு."

பதில் போய்ச் சேர்ந்தது என்று கிறிஸ்டினா சொன்ன பிறகுதான் நான் பிளக்கைப் பிடுங்கினேன்.