ஐயாவுக்கு மட்டும்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்து நிமிர்வதே இல்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்க்கிறார்கள். பெரியவருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அவர் மருமகளே விதை மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "செல்லைக் கேட்டுட்டு விதைக்கலாம் மாமா" என்கிறாள்.

மகன் செத்ததிலிருந்து உழுவதும் களை பறிப்பதும் அவள்தான். நிலம் மட்டும் பெரியவர் பேரில். எந்த வாரம் மழை, எந்த வாரம் வெயில் என்று செயற்கை நுண்ணறிவு கணித்துச் சொல்லும் என்று விவசாய ஆபீஸ்காரர்கள் அவர் செல்போனில் எதையோ ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நிலத்துக்காரர் குரலில் 'மழை எப்போ' என்று கேட்டால்தான் அது வாய் திறக்கும். அவள் கேட்டால், "மன்னிக்கவும், ஐயாவைப் பேசச் சொல்லுங்கள்" என்று மூடிக்கொள்ளும். அதற்கும் பெண் குரல்தான்.

"நேத்துப் பேஞ்சு மண்ணு ஈரமா கெடக்கு. இதுக்கு மேல அவகிட்ட என்ன கேள்வி?"

"போன வருஷமும் ஈரத்தைப் பாத்துதான் போட்டோம். முளைச்சு வந்ததெல்லாம் கருகிப்போச்சு. இருக்கிறது இந்த ஒரு மூட்டை. ஒரு வார்த்தை கேளுங்க மாமா."

"அது புளுகும்."

"புளுகட்டும். என்கிட்ட குடுங்க. ஆபீஸ்ல என் குரலைப் பதிஞ்சுக்கிறேன்."

"உன் குரலா? நிலத்துக்காரன் நானா, நீயா?"

"நம்பாத சாமானை எதுக்கு மாமா பையில போட்டு அமுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

பெரியவரின் கை சட்டைப்பையை விட்டு இறங்கியது. உடனே மறுபடி ஏறியது.

"வாய் நீளுது. எந்திரி!"

மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

"தைலம் எடுத்துட்டு வரவா மாமா?"

"மழை எப்போ, விதை எப்போன்னு எனக்கே பாடம் நடத்துறியா?" என்று கத்தினார்.

பைக்குள் இருந்தவள் விழித்துக்கொண்டாள். "வணக்கம் ஐயா. உங்கள் நிலத்தில் அடுத்த சில வாரங்களுக்கு..."

மருமகள் பாதி எழுந்துவிட்டாள். பெரியவர் அவசரமாகச் செல்லின் பொத்தானை அமுக்கினார். பேச்சு அறுந்தது. அவள் திரும்ப உட்கார்ந்தாள், இந்த முறை காலையும் மடக்கிக்கொண்டு.

"பொம்பளை பேச்சைக் கேட்டு எவனாவது விதைப்பானா?"

எந்தப் பொம்பளையைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையைப் பொத்திக்கொண்டு, விதையில்லாமல் நிலத்தைப் பார்க்க நடந்தார்.