இரண்டு ஆளுக்கு ஒரு அட்டை

எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர், அடையாள அட்டை ஒன்று. அட்டை என் புருஷனுடையது. தம்பி சங்கிலிக்குப் பிரஜாவுரிமையே இல்லை, பிறகு எங்கே அட்டை? தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்களில் பாதிப் பேருடைய கதி அதுதான். மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, தமிழன் அட்டை இல்லாமல் கொழும்புத் தெருவில் இறங்கினால் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அட்டை அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அவருக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் வேலை. சனியும் ஞாயிறும் அவர் வீட்டில் கிடப்பார். தம்பி அதே அட்டையோடு இரத்மலானைக்குப் பெயின்ட் அடிக்கப் போவான். நான் கட்டியது சொந்தத் தாய்மாமன் மகனை. அதனால் தம்பிக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அட்டையில் இருந்த பழைய படத்தில் யாரென்று பிரிக்க முடியாது. மூன்று வருஷம் இப்படியே ஓட்டினோம். பெரிய கெட்டிக்காரர்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

அன்று சனிக்கிழமை. தம்பி வேலைக்குப் போய்விட்டான். பத்து மணி இருக்கும், அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார்.

"வாய்வு புள்ள. சந்தியில ரெண்டு குளுச வாங்கிட்டு வந்துர்றேன்."

"ஐசி கார்டு இல்லாம எங்க போறீங்க? இருங்க, நான் போறேன்" என்று அடுப்படியில் இருந்து கத்தினேன். கேட்டாரா மனுஷன்? என்றைக்காவது கேட்டிருக்கிறாரா? கொட்டாஞ்சேனைச் சந்திக்குப் போகும் முன்பே தெருவில் விழுந்துவிட்டார். யாரோ ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு ஹபீலா ராத்தா ஓடிவந்து சொன்னார். ஆறு வயது மகளை அவரிடம் விட்டுவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, என் புருஷனைப் பிரேத அறையில் போட்டிருந்தார்கள்.

அங்கிருந்த பணியாள் அரைகுறைத் தமிழில் "யாரு இது?" என்று கேட்டான்.

"எங்க வீட்டு ஆளுங்க."

பெயர் கேட்டான். கட்டிய நாளில் இருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி சொல்லமாட்டாள், சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். செத்துக் கிடக்கிறவருக்கு இனி என்ன ஆயுசு! ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. "ஐசியில இருக்குங்க, கொண்டாறேன்" என்றேன். நாளைக் காலை மரண விசாரணை அதிகாரி வருவார், அட்டையோடு வா, அதுவரை உடலைத் தரமுடியாது என்றான். பெயர் எழுதும் இடத்தைச் சும்மா விட்டுப் புத்தகத்தை மூடினான்.

எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை, அது எங்கே கழன்றிருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பி வரட்டும், அட்டை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஹபீலா ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

மூன்று மணிக்கு ராத்தா வீட்டு டெலிபோன் அடித்தது. போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"லெட்சுமி, பம்பலப்பிட்டியில பஸ்ஸ மறிச்சி ஒங்கட தம்பியப் புடிச்சிட்டாங்களாம். ஐசியில நாப்பத்தொரு வயசு, ஆளப் பாத்தா சின்னவரா இரிக்கார் எண்டு சந்தேகமாம். சுடலைமுத்துட பொண்டாட்டி வந்து ஆளக் காட்டினா விடுறாங்களாம்."

நான் எழுந்து போனேன். பொலிஸ் நிலையத்தில் தம்பி வாங்கில் உட்கார்ந்திருந்தான், சட்டையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அவனுக்கு ஒன்றும் தெரியாது. மக்கீன் என்று ஒரு கான்ஸ்டபிள், தமிழ் பேசுகிறவர், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இவர் ஒங்களுக்கு யாரு?"

உண்மையைச் சொன்னால் என் புருஷனை அவருடைய பெயரோடே எனக்குத் தருவார்கள். தம்பி உள்ளே போவான். அடுத்தவன் அட்டையில் திரிந்தவனைப் புலி என்றுதான் எழுதுவார்கள். எங்கள் வீட்டு வரிசையில் அப்படிப் போன ஒருவன் நாலு வருஷமாக வீடு திரும்பவில்லை.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன்.

"பேரைச் சொல்லுங்க."

"சுடலைமுத்து."

பத்து வருஷத்தில் முதல் தடவை. அதுவும் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் அழுகை வந்தது, அடக்கவே முடியவில்லை. மக்கீன் பதறிப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"அழ வாணாம் தங்கச்சி. ஒங்கட மாப்புள்ளக்கி ஒண்ணும் இல்ல. இதுல கையெழுத்துப் போட்டுட்டு ஆளக் கூட்டிக்கொண்டு போங்க."

வெளியே பஸ் நிறுத்தத்தில் தம்பி அலுத்துக்கொண்டான். "என்னாத்துக்கு அக்கா இந்த அழுகை? அதான் விட்டுட்டாங்கள்ல?"

"மச்சான் செத்துட்டாரு."

அவன் அப்படியே வீதி ஓரத்தில் குந்திவிட்டான். நடந்ததைச் சொன்னேன். அவன் அட்டையை எடுத்து நீட்டினான்.

"நாளைக்கு இதக் குடுத்து மச்சானக் கேளு. நான் திரும்பப் போயி உண்மையச் சொல்லிர்றேன்."

"சொல்லிக் கிழிச்ச! ஒருத்தர மண்ணுக்குக் குடுத்தாச்சு, ஒன்னைய பொலிசுக்குக் குடுக்கணுமா? வாய மூடிக்கிட்டு வா." பஸ்ஸில் ஏறும்வரை திட்டினேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. தம்பியின் மேல் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, பொட்டு வைத்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். தம்பி கூட வந்தான். விசாரணை அதிகாரி ஸ்ரனிஸ்லாஸ் வயதானவர், அவரும் தமிழர்தான், யாழ்ப்பாணப் பேச்சு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"செத்தவர் உமக்கு என்ன முறை?"

"தம்பிங்க. சங்கிலி. நேத்துத்தான் தோட்டத்துல இருந்து வந்தான்."

பக்கத்தில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அட்டை கொண்டு வருகிறேன் என்றாயே என்று பணியாள் முறைத்தான். "இருக்கும்னு நெனச்சேங்க. அவனுக்குப் பிரஜாவுரிமையே இல்ல" என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அட்டை இல்லாதது யாருக்குத்தான் தெரியாது?

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்ரனிஸ்லாஸ் ஐயா கடுதாசியை நிரப்பிக்கொண்டே வந்தார்.

"கலியாணம்?"

"கட்டல்லீங்க."

"பிள்ளையள்?"

"இல்லீங்க."

உடலைப் பொறுப்பேற்கிறவர் என்ற இடத்தில் தம்பி, சுடலைமுத்து என்று கையெழுத்துப் போட்டான். ஐயா அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நல்ல மனுஷன், சும்மா கடுதாசியைத் தந்து அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"கவலைப்படாதையும் பிள்ளை. பின்னால கிடந்து தவிக்கப் பெண்சாதி பிள்ளையள் எண்டு ஒருத்தரும் இல்லை, அதுவும் ஒரு ஆறுதல்தான்."

"ஆமாங்க" என்றேன்.