எதிர்வீடு

மகள் வெத்தூரியா நீட்டிய கரண்டியைக் கட்டிலில் கிடந்த கவ்ரிலா பல்லைக் கடித்துத் தடுத்தார்.

"பாலா?"

"ரெண்டே வாய்தான்ப்பா. சாகக் கிடக்கிறவங்களுக்கு நோன்பு இல்லன்னு ஃபாதரே சொல்லிட்டார்."

"அவருக்கென்ன, சொல்லுவார். ஈஸ்டர் வரைக்கும் கூடாது."

தவக்காலம் வந்தால் அவித்த மொச்சையும் மக்காச்சோளக் களியும்தான். பால், முட்டை, இறைச்சி எதையும் அவர் தொட்டதில்லை. அதே பிடிவாதத்தோடு எதிர்வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. கூட்டுப் பண்ணைக்கென்று அரசாங்க ஆட்கள் ஊர்க் குதிரைகளைப் பிடித்துப்போன வருஷம், எதிர்வீட்டிலிருந்த அண்ணன் தோடெர் தன் குதிரையைக் காட்டில் ஒளித்துவைத்தார். இடத்தைக் காட்டிக்கொடுத்தது கவ்ரிலா. அதற்காக இவருடைய பசுவை விட்டுவைத்தார்கள்.

"பாலை விடறது பெரிசில்லப்பா. பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டீங்களா?"

"அடக்கத்தன்னிக்கு சிமியோன் பாடுவானே. தோடெர் பேரையும் சேத்துக்கச் சொல்லு."

சிமியோன் கோயில் பாடகர். அவர் சவப்பெட்டியருகே நின்று, செத்தவரே பேசுவதுபோல் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பாடுவது ஊர் வழக்கம்.

"உங்களுக்கு வாய் இருக்கறப்ப கேக்க மாட்டீங்க, செத்தப்புறம் சிமியோன் வாயால கேப்பீங்களா? ஒரு கிளாஸ் பிளம் சாராயம் ஊத்தினா அவர் யாருக்கு வேணா பாடுவார்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பில் விறகு முக்கால்வாசி எரிந்து தணிந்த பிறகுதான் குரல் வந்தது.

"பூட்ஸை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடு."

வீங்கிய கால்களில் பூட்ஸ் எளிதில் ஏறவில்லை. வழியில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று கயிற்றை அவள் இரட்டை முடிச்சாகப் போட்டாள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார்.

"நீயே போய் அண்ணனைக் கூப்பிடு," என்றார். "வரத்தான் பாத்தேன்னு சொல்லு."

தோடெர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோடாலியை ஓங்கினார்.

"இத்தனை வருஷம் எங்க போனான்? அவன்தானே வரணும்."

"நடக்க முடியல, பெரியப்பா."

"என் குதிரை நல்லாத்தான் நடந்துது."

அவள் திரும்பி வந்தபோது அப்பா கட்டில் தலைப்பலகையில் சாய்ந்திருந்தார். கால்கள் தரையில், கதவைப் பார்த்தபடி. மூச்சில்லை.

குளிப்பாட்ட வந்த பெண்கள் அவளைத்தான் ஏசினார்கள். "பெத்த மக பக்கத்துல இருக்க வேணாமா? உசுரு போறப்ப கையில ஒரு மெழுகுவர்த்திகூட ஏத்திக் குடுக்காம இருட்டுல அனுப்பிட்டியேடி!"

பூட்ஸைக் கழற்றப் போன ஒருத்தியின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்கக்கா."

சிமியோன் அடுப்போரம் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "பாட்டுக்குப் பேருங்களைச் சொல்லும்மா. அண்ணன்காரனைச் சேக்கவா, வேணாமா? அப்பா ஏதாவது சொன்னாரா?"

சேர்க்கத்தான் சொன்னார்; பிறகு தானே போகப் பூட்ஸையும் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவை யாரோ தள்ளினார்கள்.

தோடெர். கையில் தொப்பி, சட்டைக்கையில் விறகுத் தூள். தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்தக் கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு மாட்டிவிட்டது?"

"நான்தான். அவர் கேட்டார்."



"என் பேரைப் பாட வேணாம், சிமியோன்," என்றார் தோடெர். "அவனே வரக் கிளம்பித்தான் இருக்கான்."

கட்டிலைப் பிடித்து மெல்ல முட்டிபோட்டு உட்கார்ந்தார். முடிச்சு இறுகியிருந்தது. யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, நகத்தால் நெம்பத் தொடங்கினார்.