பெயரும் தேதியும் இல்லாத துண்டு

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது. முதல் வரியிலேயே ஒத்துக்கொள்வதற்குக் காரணம் நேர்மை அல்ல. பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் மீதியை நம்பமாட்டீர்கள் என்கிற பயம்தான்.

என் பெயர் ஷாஜி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பனச்சமூட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடையின் போர்டு மலையாளத்தில் இருக்கிறது. கதை எழுதுவது தமிழில். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் எழுதுவது தெரியாது. இதுவரை அது வசதியாகத்தான் இருந்தது.

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

‘பனச்சமூடு சந்தியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நனைந்த சேலையைப் பிழிந்தபடி’

(விட்டுவிட்டேன். அன்று மழை இல்லை. காலை பத்தரை மணி, நல்ல வெயில்.)

‘ஒரு மனிதனின் வாழ்க்கையை எத்தனை கிலோபைட்டில்’

(இப்படித் தொடங்குகிற ஆளை எனக்கே பிடிக்காது.)

‘கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.’

(இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.)

2

கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார் ரத்னபாய் டீச்சர். கணவர் ராஜதாஸ் சார் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

“தொறந்தா நீலமா ஒரு எழுத்து வருது மக்கா. பெறவு தன்னால அணைஞ்சு போவுது. இதுக்க உள்ள அவருக்க சரித்திரம் கெடக்கு. அவரே எழுதி வச்சது. வாற ஞாயிறு நினைவு ஆராதனை. அதுக்கு வாசிக்கணும்.”

விளக்க வேண்டும். இங்கே பழைய மிஷன் சபைகளில் ஒருவர் இறந்தால் அவருடைய ஜீவிய சரித்திரத்தை ஆராதனையில் எழுந்து நின்று வாசிப்பார்கள். பிறப்பு, ஞானஸ்நானம், படிப்பு, கல்யாணம், பிள்ளைகள், சபைக்குச் செய்த ஊழியம், நோய், மரணம். எல்லாம் ஒரு தாளில் அடங்கும். அவர்களுடைய சபையில் இருபது வருடமாக அதை எழுதிக் கொடுத்தவர் ராஜதாஸ் சார்தான். கடைசியாக இறந்தவரின் ஃபைலைத் திறப்பார். பெயரையும் தேதிகளையும் பிள்ளைகளையும் மாற்றுவார். வேறு பெயரில் சேமிப்பார். சில சமயம் பழைய ஆளின் வரி ஒன்று அழியாமல் நின்றுவிடும். கல்யாணமே செய்யாத ஒருவருக்கு ஒருமுறை மூன்று பேரப்பிள்ளைகள் கிடைத்தார்கள்.

தன்னுடையதையும் அவரே எழுதிவைத்தார். “வேற எவனாவது எழுதினா கொழப்பிப் போடுவான்” என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

டீச்சர் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவர்கள் ஊரான பெருங்கடவிளைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ராஜதாஸ் சாரின் தம்பி ஜாய், எனக்கு ஜாய் அண்ணன். அவருடைய வீடு, சாரின் வீட்டுக்குப் பின்னால். போகும் வழி சாரின் முற்றம் ஓரமாக. பதினொரு வருடம் முன்பு ஒரு சண்டையில் சார் அந்த வழியில் கேட் வைத்துப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து ஜாய் அண்ணன் தன் பிக்கப் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டுத் தோட்டுக்கரை, அதாவது ஓடைக்கரை வழியாக நடந்து வீட்டுக்குப் போகிறார். அண்ணனும் தம்பியும் பேசியதில்லை. சார் தன் சரித்திரத்தில் தம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் டீச்சருக்கு வேண்டியிருந்தது.

3

தப்பு இந்த இடத்தில் நடக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் வாசிக்கலாம், சுலபமானது.

விண்டோஸ் திறக்காமல் போனால் முதலில் அதன் சொந்த ஃபைல்கள் சரியா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. கெட்டுப்போனதைக் கண்டுபிடித்து, தான் பத்திரமாக வைத்திருக்கும் நல்ல பிரதியிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைக்கும். அதைச் செய்தேன். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. அப்படியென்றால் கோளாறு டிஸ்கில். டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்ய செக்டிஸ்க் என்று இன்னொரு கட்டளை உண்டு. அதை ஓட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போனேன்.

செய்திருக்க வேண்டியது வேறு. சாகக் கிடக்கும் டிஸ்கில் உள்ளதை முதலில் உள்ளபடியே வேறொரு டிஸ்கில் நகலெடுக்க வேண்டும். பிறகுதான் வைத்தியம். கடைக்கு வருகிற பையன்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று மேசையில் நான்கு லேப்டாப் காத்திருந்தன. வழக்கமான நீலத்திரைதான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கற்பித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

* செக்டிஸ்க் கெட்டது அல்ல. அதற்கு டிஸ்கின் கணக்கு ஒழுங்காக வேண்டும், அவ்வளவே. எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளை ஒரு ஃபோல்டரில் கொட்டி வரிசை எண் போட்டுவிடும். பெயர் போய்விடும், தேதி போய்விடும், எழுத்து மட்டும் மிஞ்சும்.

* விண்டோஸின் ஃபைல்களுக்கு நல்ல பிரதி உள்ளேயே இருக்கிறது. ராஜதாஸ் சார் எழுதியதற்கு எங்கும் இல்லை.

திரும்பி வந்தபோது டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் நின்றுவிட்டது. அதற்குள் காப்பாற்ற முடிந்தவை அறுபத்தி மூன்று துண்டுகள். சார் எதையும் சாதாரண நோட்பேடில்தான் அடிப்பார் என்பதால் துண்டுகளை வாசிக்க முடிந்தது. அதனால்தான் இந்த வினையே வந்தது.

4

துண்டுகளில் பாதிக்கு மேல் மற்றவர்களின் மரணங்கள். சாரின் பெயர் இருந்த துண்டு ஒன்றே ஒன்று. பிறப்பு, ஞானஸ்நானம், பாறசாலையில் படிப்பு, ரத்னபாயுடன் விவாகம். அதோடு நின்றது. பெயரில்லாத துண்டு ஒன்று பாதி வாக்கியத்தில் தொடங்கியது:

‘…ஓய்வுநாள் பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்தினார். அன்னார் தம்முடைய தம்பியின் மேல் கொண்டிருந்த கோபம் தவறென்று உணர்ந்து, கடைசிக் காலத்தில் அதற்காக மனம் வருந்தி, அவருக்காகத் தினமும் ஜெபித்துவந்தார்…’

தம்பி, கோபம். நான் வேறு யாரை நினைப்பேன்? இரண்டு துண்டுகளையும் சேர்த்தேன். நடுவில் இடைவெளி இருந்தது. அங்கே இரண்டு வாக்கியங்கள் நானே எழுதினேன். சாரின் நடையில், ‘அன்னார்’ போட்டு. நன்றாகவே வந்திருந்தன. (வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நன்றாகவே வந்திருந்தன.)

ஞாயிற்றுக்கிழமை சபையின் வாசலில் நின்றேன். நான் எதையும் சொல்லாமல் அச்சிட்டு டீச்சரிடம் கொடுத்திருந்த தாளைச் செயலாளர் வாசித்தார். ஜாய் அண்ணன் கடைசி பெஞ்சில் இருந்தார். தம்பி என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தார். அந்த வாக்கியம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்து, என் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அறுபது வயது ஆள். நான் மனதுக்குள் பெருமைப்பட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்.

மறுநாள் டீச்சர் கேட்டின் பூட்டைக் கழற்றினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஜாய் அண்ணனின் பிக்கப் அவர் வீட்டு வாசல் வரை போனது.

(கதையை இங்கே முடித்திருக்கலாம். ஒரு வாரம் முடித்தும் வைத்திருந்தேன்.)

5

எட்டு நாள் கழித்து, மிச்சத் துண்டுகளை அழிக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். நாற்பத்தி ஒன்றாவது துண்டில் அதே வாக்கியம் இருந்தது. தம்பி, கோபம், மனவருத்தம், ஜெபம், எழுத்துக்கு எழுத்து. அந்தத் துண்டுக்குத் தலைப்பும் இருந்தது. மத்தியாஸ், குன்னத்துகால்.

நான் சபையில் வாசிக்கக் கொடுத்தது ராஜதாஸ் சாரின் வாழ்க்கை அல்ல. போன வருடம் இறந்த வேறொருவருடையது.

குன்னத்துகாலுக்குப் போனேன். மத்தியாஸின் மகன் ஜிஜோ மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு வாசித்த தாளைப் பைபிளுக்குள் வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். அந்த வாக்கியத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு.

“அப்பாவுக்குத் தம்பியே கெடையாது அண்ணா. அக்கா தங்கச்சி நாலு பேரு மட்டும்தான். இது யாருன்னு ராஜதாஸ் சாருட்ட கேட்டேன். தாளை வாங்கி ரெம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. பெறவு அவரே வெட்டினாரு. ‘இது வேற ஆளுக்கு உள்ளதாக்கும், இதில ஏறிப்போச்சு’ன்னாரு.”

“எந்த ஆளுன்னு கேட்டியா?”

“கேக்கல்ல. மரண வீடுல்லா, அதுக்கா நேரம்?”

தாளின் அடியில் தேதி இருந்தது. மே ஒன்பது.

வேறு ஆள் என்றால் மத்தியாஸுக்கு முன்பு இறந்த யாராவதாக இருக்கலாம். அவருடைய ஃபைலிலிருந்து அழியாமல் நின்ற வரியாக இருக்கலாம். அல்லது தன்னுடைய சரித்திரத்துக்கென்று சார் எழுதிய வரி, கை தவறி இங்கே வந்து விழுந்திருக்கலாம். முந்தைய ஃபைல்கள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அவற்றை நான்தான் சாயா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அழித்தேன்.

6

(இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஜாய் அண்ணன் கடைக்கு வந்திராவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.)

திங்கட்கிழமை வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“எலே ஷாஜி, அண்ணன் அதை எந்தத் தேதியில எழுதினாருன்னு கம்ப்யூட்டர்ல தெரியுமில்லியா?”

“எதுக்கு அண்ணா?”

“போன வருசம் குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச மறுநாளு, தோ அந்த பஸ் ஸ்டாப்புல வச்சு அண்ணன் என்னை ‘ஜாயி’ன்னு விளிச்சாரு. பத்து வருசத்துல முதல்தடவ. நான் மூஞ்சியைத் திருப்பிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன். அவரு எழுதினது அதுக்கு முந்தியா பிந்தியான்னு எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சா?”

“முந்தின்னா, நான் போனதுல அவரு மனசு மாறி பழைய கோவத்துக்கே போயிருக்கலாம், சரி. பிந்தின்னா, நான் மூஞ்சியைத் திருப்பின பெறவும் அவரு எனக்காக ஜெபிச்சிருக்காரு. எதுவானாலும் தெரியணும் மக்கா. ஒறக்கம் இல்ல.”

வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். குருத்தோலை ஞாயிறு போன வருடம் ஏப்ரலில் வந்தது. தாளில் இருப்பது மே.

7

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செக்டிஸ்க், சாயா, இரண்டு வாக்கியம், மத்தியாஸ், மே ஒன்பது, பஸ் ஸ்டாப். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

டீச்சர் சொன்னார்:

“ஜாயிக்க பேரை நான் எடுத்தாலே அவரு எழும்பிப் போயிருவாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான். ஆனா கோயில்ல அதை வாசிச்சப்போ நான் விசுவசிச்சேன். இனி விசுவசிக்காம இருக்க எனக்கு ஒக்காது மக்கா.”

“ஜாய் அண்ணனுக்கு என்ன சொல்லட்டும் டீச்சர்?”

“கெடுத்தது நீ. அதுக்கு என்னட்ட வழி கேக்காத.”

கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “கேட்டை நான் இனி பூட்ட மாட்டேன். அதை வேணும்னா சொல்லு.”

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

துண்டில் தேதி இல்லை என்று சொல்லிவிடுவது ஒன்று. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் இனியும் தூங்கமாட்டார்.

முந்தி என்று சொல்வது இன்னொன்று. பிப்ரவரி என்று ஒரு தேதி போட்டால் போதும், தூங்கிவிடுவார். ஏற்கெனவே இரண்டு வாக்கியம் எழுதிய கைக்கு ஒரு தேதி எழுதுவது பெரிய வேலை இல்லை. இந்த முடிவை எழுதி முடித்து நன்றாக இருக்கிறது என்று நினைத்த நிமிடத்தில் என்னை எனக்கே பிடிக்காமல் போனது.

எல்லாவற்றையும் சொல்லி ஜிஜோவின் தாளைக் கையில் கொடுப்பது மற்றொன்று. அந்தக் கோடு போட்டது அவருடைய அண்ணனின் கை. அதை அவர் எப்படி வாசிப்பார்? தன்னை மனதில் வைத்து எழுதி, பிறர் கண்ணில் பட்டதும் வெட்டினார் என்றா? தனக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை என்றா? உண்மையைச் சொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, எனக்கே தெரியாத ஒன்றை அவர் தலையில் வைக்கிறேனா? அல்லது என் தப்பை மறைக்கத்தான் இவ்வளவு யோசிக்கிறேனா?

‘வெள்ளிக்கிழமை காலையில் ஜாய் அண்ணனிடம் நான்’

(இதற்கு மேல் போகவில்லை. நான்கு தடவை முயன்றேன்.)

9

இன்று வெள்ளி. மணி பதினொன்று. பிக்கப் எதிரே நிற்கிறது. ஜாய் அண்ணன் இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தேய்த்திருக்கிறார்.

ஒருவரின் வாழ்க்கையில் நான் ஏற்கெனவே இரண்டு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். ஒரு வித்தியாசம், நீங்கள் அந்த டிஸ்கைக் கெடுக்கவில்லை. அவருக்கான பதிலை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால் அது தப்பை மறைப்பதாகவோ பாவத்தைக் கழுவுவதாகவோ இருக்காது.

ஜிஜோ கொடுத்த தாள் மேசையில், உங்கள் பக்கம் இருக்கிறது. மடிக்கப்பட்டிருக்கிறது. அவர் அதை இன்னும் கவனிக்கவில்லை.

“சொல்லு மக்கா” என்கிறார். “முந்தியா, பிந்தியா?”