காசிராஜனின் ஸ்லீப்பிங் பேக்

பனிமலைக்குப் போகிறவர் சென்னைப் பக்கத்துப் படப்பையில் படுத்துப் பழகினால் என்ன ஆகும்? வியர்க்கும். இதை என் கணவருக்குப் புரியவைக்க 2011 ஐப்பசி முழுக்க மல்லுக்கு நின்றேன்.

காசிராஜனுக்கு ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். வேலையை விட்டுப் போன வடநாட்டு இன்ஜினீயர் ஒருவர் தன் ஸ்லீப்பிங் பேக்கை இவரிடம் கொடுத்துவிட்டார். வாத்து இறகு அடைத்தது. உதறிப் போட்டால் புசுபுசுவென்று உப்பும். பனியை ஒரு தடவையாவது மிதித்துவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், இமயமலைக்குப் போகும் சென்னைக் குழு ஒன்றில் உடனே பெயர் கொடுத்தார்.

அதோடு பிடித்தது எனக்குச் சனி. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே அந்தப் பைக்குள் புகுந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொள்வார்.

"பாத்தியாட்டி, என்னா சூடு! பனியாவது ஒண்ணாவது."

"இங்க வெறும் பாயில படுத்தாலே சூடுதாங்க."

"நீ ஒன் சோலியப் பாரு."

எழுந்ததும் வியர்வை ஈரம் காயாமலே அதைச் சுருட்டி, முழங்காலால் அமுக்கி, பிளாஸ்டிக் பட்டி போட்டு இறுக்கிக் கட்டுவார். கம்பெனியில் கண்ணாடியைக் கட்டுகிற கட்டு. உள்ளே காற்று இருந்தால் ஆடும், ஆடினால் உடையும் என்பது அவருக்கு வேதம்.

"இறகு எங்கேங்க உடையப் போகுது? அழுத்தி வைக்காதே, ஈரம் படக்கூடாதுன்னு துணியிலேயே அச்சடிச்சிருக்கான். இறகுக்குள்ள நிக்கிற காத்துதாங்க குளிரைத் தாங்கும்."

"பேக்கிங்கை எனக்குச் சொல்லித் தராத."

வீட்டுக்காரம்மா செந்தாமரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னா இசக்கி, உன் வூட்டுக்காரரு பார்சல்லயா போறாரு? அட்ரஸ் ஒட்டிக்கினியா?"

அவர் வேலைக்குப் போன நேரத்தில் பட்டியை அறுத்துக் கொடியில் விரித்தேன். மழை பிடித்துக்கொண்டது. அள்ளி உள்ளே போடுவதற்குள் வந்துவிட்டார். நனைந்ததை அப்படியே மறுபடி கட்டினார். கிளம்பும்போது அந்தப் பை தலையணை அளவுதான் இருந்தது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

மலையடிவாரத்தில் எல்லாரையும் பையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார் குழுத் தலைவர். மற்றவர்களுடையது மெத்தை மாதிரி எழுந்ததாம். இவருடையது இறகெல்லாம் கட்டிகட்டியாகத் திரண்டு, இடையில் வெறும் துணியாகக் கிடந்ததாம். மலைமேல் இதில் படுத்தால் விறைத்துப்போவாய் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வாடகைப் பையும் தீர்ந்திருந்தது. குழு பனிக்கு ஏறி இறங்கும்வரை இவர் டீக்கடை அடுப்போரம் குந்தியிருந்தார்.

இதை என்னிடம் மட்டும் சொன்னார். அதுவும் முழுசாக வர ஒரு மாதம் பிடித்தது. இன்னொரு தடவை போகலாம் என்றேன். "பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' 2014 வரை ஓடியது. மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் பேக்கிங் செக்‌ஷன் பையன்கள் வந்தார்கள். அந்தோணிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் பனியில நின்ன கதையச் சொல்லாத நாளே கெடையாது, மதினி. முழங்கால் வரைக்கும் பொதைஞ்சுதாமே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த மனுஷன்மேல் வந்த ஆத்திரத்தில் காபி தம்ளரை நங்கென்று வைத்தேன்.

"இடுப்பு வரைக்கும்" என்றேன்.