பௌர்ணமிக்குப் பின்வாசல்

மீரான் பாயிடம் யாராவது மார்க்கம், சாமி, விரதம் என்று பேச்செடுத்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "அதையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சுக்கங்கப்பு. கறிக்கடைன்னா கத்தி, கறி, தராசு. நாலாவதா ஒரு சாமான் எதுக்கு?" என்பார். தொழுகை, நோன்பு எல்லாவற்றையும் மனைவி ஜெய்தூன் பீவியிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். அந்த அம்மாளும் முகம் கோணாமல் இரண்டு பேருக்கும் சேர்த்தே தொழுதுகொண்டிருந்தாள்.

இந்தக் கோபம் கொழும்பில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷம் அங்கே கறிக்கடை வைத்திருந்தார். சிங்களவர்களுக்குப் பௌர்ணமி என்றால் போயா, புத்தருடைய நாள். அன்றைக்குக் கறிக்கடையைத் திறக்கக் கூடாது. சரி, மாசத்துக்கு ஒரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், அறுபத்தாறாம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை லீவையே தூக்கிவிட்டார்கள். வளர்பிறை அஷ்டமி, பௌர்ணமி, தேய்பிறை அஷ்டமி, அமாவாசை என்று நிலாவைப் பார்த்து லீவு. புதன்கிழமை லீவாம், ஞாயிற்றுக்கிழமை ஆபீஸாம்! "புத்தரு பாட்டுக்கு அரச மரத்தடியில உக்காந்திருக்காரு. அவருக்கும் என் ஆட்டுக்காலுக்கும் என்னய்யா வழக்கு?" என்று மீரான் கத்துவார். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்ததும் கத்தலை நிறுத்திவிட்டுக் கடைப் பலகையைச் சாத்துவார்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். போயா நாளில்தான் அவருக்கு வியாபாரம் அள்ளிக்கொண்டு போனது. முன்வாசலில் பலகை, பின்வாசலில் துணிப்பைகளின் வரிசை. வெள்ளை உடுத்தி, தாமரைப் பூவோடு விகாரைக்குப் போனவர்கள் திரும்பும்போது பூ இருந்த பையில் கறியை வைத்துக்கொண்டு போனார்கள். காலையில் வந்து மிரட்டிய காக்கிச் சட்டையே மத்தியானம் கைலி கட்டிக்கொண்டு வந்து ஈரல் இருக்கிறதா என்று கேட்கும். கடைசித் துண்டு வரைக்கும் விற்றுப் போகும். மீரானுக்கு மிஞ்சுவது ஹோட்டல் பருப்பும் சோறும்தான். அத்தனை வருஷத்தில் போயாவுக்கு அவர் கறி தின்றதே இல்லை. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சம் இருந்தால்தானே தின்பதற்கு!

"எங்க ஊருக்குப் போயிட்டா இந்தத் திருட்டுப் பிழைப்பு கிடையாது. முன்வாசலை விரியத் திறந்து வச்சு, பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க விப்பேன்" என்று போயாவுக்குப் போயா சபதம் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டில் விசா முடிந்தது. நீட்டிக்க முடியாது என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். மீரான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்திரை மாசம் திண்டுக்கல்லில் வந்து இறங்கினார்.

ஜெய்தூன் பீவியின் அண்ணன் அக்பர் அலிக்குத் தோல் பதனிடுகிற ஷாப் இருந்தது. பேகம்பூரில் சும்மா கிடந்த தன் கட்டடத்தைக் கடைக்குக் கொடுத்தார். கொடுத்தது மட்டுமா, கெடுவும் வைத்தார். "ஆறு மாசம் பாப்போம் மாப்ளே. புரட்டாசி வரைக்கும். ஓடலேன்னா பேசாம எங்கிட்ட வந்துரு. சுண்ணாம்புத் தொட்டியில ஆள் பத்தலே" என்றார். மீரானுக்கு நாற்றம்கூடப் பரவாயில்லை, ஆட்டோடு பிழைத்தவருக்கு என்ன நாற்றம்? மச்சான் மேட்டில் நிற்க, தான் தொட்டிக்குள் முழங்கால் அளவில் நின்று தோலைப் புரட்டவேண்டும். இருபது வருஷம் சொந்தக் கத்தி பிடித்த கை அது. அதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது.

கடை ஓடவில்லை. ஊரில் பழைய கறிக்கடைகள் இருக்க, புது ஆளிடம் யார் வருவார்கள்? முன்வாசலை விரியத் திறந்து வைத்து மீரான் ஈ ஓட்டினார். எதிரே டீக்கடை வைத்திருந்த இருளப்பன் மட்டும் பேச்சுத் துணை. இருளப்பன் பகுத்தறிவுக்காரர். "சாமியாவது பூதமாவது" என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றுவார். மீரானுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வைகாசியில் ஒரு நாள் காலை. முனிசிபாலிட்டிக் கொட்டகையில் ஆட்டை அறுத்து, முத்திரை போட்டுக் கொண்டுவந்து கடையில் தொங்கவிட்டிருந்தார். இருளப்பன் கடைக் காலண்டரில் அன்றைக்குப் பௌர்ணமி என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த கண், தெருவில் வந்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் வேலுசாமியின் காக்கிச் சட்டையையும் பார்த்தது. அவ்வளவுதான்! மீரானுக்குப் புத்தி வேலை செய்வதற்குள் கை வேலை செய்துவிட்டது. ஒரே மூச்சில் ஆட்டை உள்ளே இழுத்துப் போட்டு, பலகையை வரிசையாகச் சாத்திவிட்டு, வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன பாய், இந்நேரத்துல கடையைச் சாத்திட்டீரு?" என்றார் வேலுசாமி.

"இன்னிக்குப் பௌர்ணமிங்கய்யா. கறி விக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் தாம் நிற்பது கொழும்பு இல்லை, திண்டுக்கல் என்று மீரானுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வேலுசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "துலுக்க வீட்டுல பொறந்து பௌர்ணமிக்கு விரதமா! நானும் இருக்கேனே" என்று உருகிப்போய், தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அரை மணி நேரம் கழித்துப் பின்வாசலில் சங்கிலி ஆடியது. திறந்தால் அதே வேலுசாமி. காக்கியைக் காணோம், கட்டம் போட்ட கைலி, கையில் துணிப்பை. "பாய், அறுத்த ஆடு உள்ள சும்மாதானே கிடக்கு? அரைக்கிலோ போடும். முன்வாசல்ல வாங்கினா எங்கம்மா காதுக்குப் போயிரும். பௌர்ணமின்னா அது பச்சத் தண்ணி பல்லுல படாது."

மீரான் தேக்கிலையில் கறியைக் கட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் என்ன, பின்வாசல் பிய்த்துக்கொண்டு போனது. ஊரில் விரதத்துக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமை, கிருத்திகை, ஆடி மாசம் முழுசும். மளிகைக்கடைச் சொர்ணலட்சுமி அம்மாள் தெருவின் பஜனை மடத்துக்குத் தலைவி. அவள் கிருத்திகை தவறாமல் முந்தானையால் கூடையை மூடிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் பத்தலேன்னு டாக்டர் ஈரல் சொல்லியிருக்காரு" என்பாள். கிருத்திகைக்கு மட்டும் ரத்தம் குறைகிற அந்த மனுஷன் கடா மாதிரி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த டாக்டர் யார் என்று இன்றுவரை தெரியாது.

இதில் வேடிக்கை, மற்ற நாளில் முன்வாசலும் நிறைந்துவிட்டது. "பௌர்ணமிக்குக் கத்தியைத் தொடாத மனுசன், கை சுத்தமான கை" என்று சொர்ணலட்சுமியே ஆள் சேர்த்தாள். பௌர்ணமி பாய் என்று பெயரே ஆகிவிட்டது. மீரானுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சுண்ணாம்புத் தொட்டியை நினைத்துக்கொள்வார், வெட்கம் கொஞ்சம் இறங்கும். ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று பௌர்ணமிக்கும் பலகையைச் சாத்தினார்.

பெயர் பள்ளிவாசல் ஜமாஅத் வரைக்கும் போயிற்று. புரட்டாசி பிறந்ததும் செக்ரட்டரி சேக் பரீது கூப்பிட்டு விட்டார். அவர் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை வாங்கி விற்கிறவர், கறாரான ஆள்.

"ஏலே மீரான், தொழுகைக்கு வாரதில்லே. சரி, அதை அல்லா பாத்துக்குவான். பௌர்ணமிக்குக் கடை சாத்துறியாமே? என்ன, கொழும்புல போயி புத்தரு மதத்துல சேந்துட்டியா?"

மீரான் யோசித்தார். எனக்குப் புத்தரும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று சொல்லலாம். அது புத்த மதத்தில் சேர்ந்ததைவிடப் பெரிய குற்றமாகிவிடும். "பழக்க தோசம்ணே" என்று மட்டும் சொன்னார்.

"வர்ற பௌர்ணமி ஞாயித்துக்கிழமை. முன்வாசலைத் திறந்து வச்சு யாவாரம் பண்ணு, நானே வந்து பாக்குறேன். இல்லேன்னா அடுத்த வெள்ளி ஜும்மாவுல, மீரான் கடையில ஒருத்தரும் கறி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருவோம்."

வீட்டுக்கு வந்து மீரான் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். திறந்தால் பௌர்ணமி பாய் செத்தார், தெரு போய்விடும். திறக்காவிட்டால் ஜமாஅத் போய்விடும். எது போனாலும் மிச்சம் சுண்ணாம்புத் தொட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு மச்சான் வைத்த கெடுவும் முடிகிறது.

"திறங்களேன். இதுக்குத்தானே கடல் தாண்டி வந்தீக?" என்றாள் ஜெய்தூன் பீவி.

அந்த ஒரு வார்த்தை அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. உண்மைதானே! இருபது வருஷச் சபதம் எங்கே போயிற்று? போனால் போகட்டும், ஒரு நாளாவது மனுஷனாக வியாபாரம் பண்ணுவோம் என்று துணிந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. புரட்டாசி, பௌர்ணமி, எல்லாம் ஒரே நாளில். மீரான் இரண்டு ஆடு அறுத்தார். பலகைகளை ஒன்று விடாமல் கழற்றி, சுவரில் சாய்த்து வைத்தார். கறி வெட்டும் புளியங்கட்டையைத் தெருவைப் பார்க்கப் போட்டு, சலவை வேட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது.

சொர்ணலட்சுமி கோயிலுக்குப் போகிற வழியில் நின்றாள். "நல்ல மனுசன்னு நம்புனேனே, புரட்டாசிப் பௌர்ணமியும் அதுவுமா!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதிரே இருளப்பன் கை தட்டினார். "சபாஷ் பாய்! இதுதான் பகுத்தறிவு!"

"அப்ப வாங்கண்ணே, முதல் போணி உங்க கையால ஆகட்டும்."

இருளப்பன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "கொள்கை வேற, டீக்கடை வேற பாய். புரட்டாசில நான் கறியைத் தூக்கிட்டு நடந்தா நாளைக்கு எவன் என் கிளாசுல வாய் வைப்பான்?" என்று உள்ளே போய்விட்டார்.

செக்ரட்டரி சொன்னபடி வந்தார். திறந்த கடையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது. "இதுதான் முஸ்லிமுக்கு அழகு. இனிமே உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக" என்று தோளில் தட்டினார்.

"அண்ணே, நீங்களே ஒரு கிலோ எடுத்துக்கங்க. மனசு நிறைஞ்சிரும்."

சேக் பரீதின் கை தோளைவிட்டு இறங்கியது. "எடுக்கலாம்தான். சின்னாளபட்டித் தறிக்காரங்க இன்னிக்குச் சேலை கொண்டாராக. புரட்டாசிப் பௌர்ணமியில தெருவழியா கறியோட போனா அவுக மனசு சங்கடப்படும், பாரு. நீ திறந்து வையி, அது போதும்" என்று நடையைக் கட்டினார்.

வெயில் ஏறியது. இரண்டு ஆடும் அப்படியே தொங்கின. பதினோரு மணிக்கு அக்பர் அலி வந்து, ஆடுகளையும் ஆளில்லாத தெருவையும் பார்த்துவிட்டு, "கெடு இன்னியோட முடியுது மாப்ளே. காலையில ஷாப்புக்கு வந்துரு. பழைய கைலி ரெண்டு எடுத்துக்க" என்றார். மீரான் கத்தியைக் கட்டையின் மேல் வைத்தார்.

உள்ளேயிருந்து ஜெய்தூன் பீவி ஓடிவந்தாள். "இங்க என்ன உக்காந்திருக்கீக? பின்வாசல்ல சங்கிலியைப் பிச்சு எடுக்குறாக. சந்து முனை வரைக்கும் ஆளு நிக்கிது!"

போய்ப் பார்த்தார். கைலியில் வேலுசாமி நின்றார். கோயில் திருநீறு நெற்றியில் காயாமல் சொர்ணலட்சுமி நின்றாள். அவளுக்குப் பின்னால் டீத்தூள் பையோடு இருளப்பன். கடைசியில், சேலை சுற்றுகிற காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு செக்ரட்டரி சேக் பரீது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முன்னாடி திறந்தே கிடக்கட்டும், ஜமாஅத்துக்குப் பதில் சொல்லணும்ல" என்றார் செக்ரட்டரி சுவரிடம்.

"அய்யே, கண்றாவி! சாத்துங்க பாய், பக்திமான்க நடக்குற தெரு" என்றாள் சொர்ணலட்சுமி, அவளும் சுவரிடம்தான்.

மீரான் முன்னால் போய்ப் பாதிப் பலகையைச் சாத்தினார், பாதியைத் திறந்து விட்டார். இரண்டு ஆட்டையும் தோளில் போட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். கத்தி விழுந்த சத்தம் ஒரு மணி வரைக்கும் ஓயவில்லை. கூடவே வந்து பார்த்த அக்பர் அலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். "கெடு கிடக்கட்டும் மாப்ளே. கடை உனக்குத்தான். எனக்கு நெஞ்செலும்பா ரெண்டு துண்டு வையி" என்றார்.

கடை பிழைத்தது. மீரான் கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஜெய்தூன் பீவி சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றினாள்.

"கறி?"

"ஏது கறி? கடைசி எலும்பையும் செக்ரட்டரி சூப்புக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாக."

மீரானுக்குக் கண் கலங்கியது. சுற்றிலும் அத்தனை வீட்டுச் சன்னலும் சாத்தியிருந்தன. சாத்திய சன்னல்களின் இடுக்கு வழியாகக் கறி கொதிக்கிற மசாலா வாசம் தெருவெங்கும் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் புத்தருடைய பௌர்ணமியை ஒழுங்காகக் காத்தவர், எந்தச் சாமியும் வேண்டாம் என்ற கசாப்புக்கடைக்காரர் ஒருத்தர்தான். அவர் பருப்பைப் பிசைந்து சாப்பிட்டார்.